ஹைட்ராலிக் ஜாக்கி: வீட்டில் பார்க்கக்கூடிய பழுது எது, கூடாதது எது?

அரூர் பக்கமிருந்து கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர். பாதி வழியில் டிரெய்லர் டயர் பஞ்சர். டிரைவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஜாக்கியை எடுத்து முட்டுக் கொடுக்கிறார். பத்துப் பதினைந்து முறை அடித்ததும் சக்கரம் தரையை விட்டு எழுகிறது. நட்டுகளைக் கழற்றிக் கொண்டிருக்கும்போதே, "அண்ணா, ஜாக்கி எறங்குது பாருங்க!" என்று உடன் வந்த பையன் கூவுகிறான். சக்கரம் மெல்ல மெல்லத் தரையைத் தொடுகிறது. மறுபடி அடித்தால் கைப்பிடி மட்டும் மேலும் கீழும் போகிறது, பாரம் எழவில்லை.

கரும்பானாலும், பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளியானாலும், தர்மபுரி மாவட்டத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். தக்காளி வாடும், கரும்பு எடை குறையும். நஷ்டம் அதோடு நின்றால் பாதகமில்லை. ஜாக்கி இறங்கும் நேரத்தில் டிரெய்லருக்கு அடியில் ஒருவர் குனிந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

ஜாக்கியில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பகுதி ஆயில் குறைவு, காற்று, தூசி ஆகிய மூன்றினால் வருபவை. இம்மூன்றையும் வீட்டிலேயே, அதிகச் செலவில்லாமல் சரி செய்து விடலாம். மற்ற சில பழுதுகளில் கை வைக்கவே கூடாது. இரண்டுக்கும் உள்ள எல்லையைத் தெரிந்து கொள்வது டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் அவசியம்.

ஜாக்கி எப்படி வேலை செய்கிறது?

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதி இது. இதைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் கொட்டகையில் இருக்கும் ஜாக்கியும் அதே தத்துவப்படிதான் இயங்குகிறது.

கைப்பிடியை அடிக்கும்போது சிறிய பிஸ்டன் ஒன்று ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் பெரிய தண்டின் அடியில் போய் அதை உயர்த்துகிறது. உதாரணமாக, சிறிய பிஸ்டன் 12 மி.மீ. குறுக்களவும், பெரிய தண்டு 36 மி.மீ. குறுக்களவும் உள்ள ஒரு பாட்டில் ஜாக்கியை எடுத்துக் கொள்வோம். பரப்பளவில் பெரியது சிறியதைப் போல் 9 மடங்கு. நீளமான கைப்பிடியினால் கையின் பலம் 15 மடங்காகிறது என்று வைத்தால், 20 கிலோ பலத்தில் அழுத்தும்போது சிறிய பிஸ்டனில் 300 கிலோவும், பெரிய தண்டில் 2,700 கிலோவும் கிடைக்கும். ஒரு சாதாரண டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன்தான்.

பலம் பெருகும் அளவுக்குத் தூரம் குறையும். சிறிய பிஸ்டன் 27 மி.மீ. இறங்கினால் பெரிய தண்டு 3 மி.மீ. மட்டுமே ஏறும். அதனால்தான் அத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, இந்த ஜாக்கியில் 1 சி.சி. ஆயில் வெளியேறினால் தண்டு 1 மி.மீ. இறங்கிவிடும். சொட்டுச் சொட்டாகக் கசிவது சின்ன விஷயமல்ல. இரண்டாவது, முழுப் பாரம் இருக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 260 கிலோவுக்கு மேல் அழுத்தம் நிலவுகிறது. டிராக்டரின் பின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1 கிலோதான். இதை நினைவில் வைத்துக்கொண்டே ஜாக்கியைத் தொட வேண்டும்.

பாட்டில் ஜாக்கி, டிராலி ஜாக்கி

டிராக்டரோடு எடுத்துச் செல்வது பெரும்பாலும் பாட்டில் ஜாக்கி. பஞ்சர் கடைகளிலும், வசதியுள்ள பண்ணைக் கொட்டகைகளிலும் தரையில் உருண்டு வரும் டிராலி ஜாக்கி இருக்கும். இரண்டிலும் பம்பும் வால்வும் ஒரே மாதிரியானவைதான். டிராலி ஜாக்கியில் தண்டு படுத்த நிலையில் இருந்து, நீண்ட கை ஒன்றைத் தூக்குகிறது.

டிராலி ஜாக்கியை வயலில் உபயோகிக்கக் கூடாது. அதன் கை உயரும்போது தலைப்பகுதி வளைவாக நகரும். அதற்கு ஈடாக ஜாக்கியின் சக்கரங்கள் தரையில் சற்று உருண்டாக வேண்டும். சிமெண்டுத் தளத்தில் உருளும். உழுத செம்மண்ணில் புதைந்து நிற்கும். அப்போது பாரம் தலைப்பகுதியிலிருந்து வழுக்கும் அல்லது ஜாக்கியே சாயும். வயலிலும் சாலையோரத்திலும் பாட்டில் ஜாக்கிதான் ஏற்றது. அதற்கும் அடியில் ஒன்றரை அடிச் சதுரமுள்ள கனமான பலகை போட வேண்டும்.

எந்தக் கோளாறுக்கு எது காரணம்?

பாரம் பாதி உயரம் வரை வந்து, அதற்கு மேல் ஏறவில்லை என்றால் ஆயில் குறைவு.

அடிக்கும்போது கைப்பிடி பஞ்சு போல் மெத்தென்று இருந்தால், அல்லது விட்டு விட்டு ஏறினால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பாட்டில் ஜாக்கியைப் படுக்க வைத்து, மேடு பள்ளத்தில் உருட்டிக்கொண்டு போவதாலும் இது நேரும்.

ஏறிய பாரம் தானாக இறங்கினால், இறக்கும் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது வால்வுக் குண்டின் அடியில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது பெரிய தண்டின் சீல் தேய்ந்துவிட்டது.

வெறுமனே ஏறி, பாரம் வைத்ததும் ஏறவில்லை என்றால் சிறிய பிஸ்டனின் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது பாரம் ஜாக்கியின் சக்திக்கு மேல் இருக்கலாம்.

இறக்கினால் இறங்கவில்லை என்றால் தண்டு துருப்பிடித்திருக்கும், அல்லது வளைந்திருக்கும். டிராலி ஜாக்கியில் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருந்தாலும், கீல்களில் மண் இறுகியிருந்தாலும் இப்படி நேரும்.

எதையும் கழற்றுவதற்கு முன், இறக்கும் வால்வு முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராலி ஜாக்கியில் கைப்பிடியைத் திருகினால் இணைப்புத் தண்டு ஒன்று வால்வைத் திருப்பும். அந்த இணைப்பு தேய்ந்திருந்தாலோ, மண் அடைத்திருந்தாலோ, கைப்பிடி திரும்பினாலும் வால்வு மூடாது. ஜாக்கி கெட்டுவிட்டது என்று ஒதுக்கி வைத்தவற்றில் சில இந்தச் சிறு காரணத்தால் ஒதுக்கப்பட்டவையே.

காற்றை வெளியேற்றும் முறை

ஜாக்கியின் மேல் எவ்விதப் பாரமும் இருக்கக் கூடாது. வெளிப்புறத்து மண்ணை முதலில் தேங்காய் நாரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். அழுக்கோடு மூடியைத் திறந்தால் மண் உள்ளேதான் போகும்.

இறக்கும் வால்வை இரண்டு சுற்று திறந்து விடவும். கைப்பிடியை 10 முதல் 15 முறை முழு அளவுக்கு வேகமாக அடிக்கவும். பம்பிலும் வழிகளிலும் தங்கிய காற்று ஆயிலோடு தொட்டிக்குத் திரும்பும். தண்டு முழுவதும் கீழே இருக்கும்படி செய்து, ஆயில் ஊற்றும் துவாரத்தின் அடைப்பானைக் கணநேரம் திறந்து மூடினால் காற்று வெளியேறிவிடும். பிறகு வால்வை மூடி, பாரமில்லாமல் மேலே ஏற்றிப் பார்க்கவும். முதல் தடவையில் சரியாகாவிட்டால் இரண்டு, மூன்று முறை செய்யலாம். பல ஜாக்கிகள் இந்த அளவிலேயே குணமாகிவிடும்.

ஆயில் விடுவதும் மாற்றுவதும்

ஆயில் அளவு பார்க்கும்போது தண்டு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். தண்டு மேலே நிற்கும்போது துவாரம் வரை ஊற்றிவிட்டால், இறங்கும்போது ஆயிலுக்கு இடமில்லாமல் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, துவாரத்தின் கீழ் விளிம்பை ஆயில் தொடும் அளவுக்கு ஊற்றினால் போதும். புனல் நுழையாத இடத்தில் புதிய சிரிஞ்சு உதவும்.

என்ன ஆயில் என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஜாக்கியோடு வந்த குறிப்பில் சொன்ன ஆயிலே முதல் தரம். குறிப்புத் தொலைந்திருந்தால், ஆயில் கடைகளில் கிடைக்கும் 32-ஆம் எண் ஹைட்ராலிக் ஆயில் நம் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்குப் பெரும்பாலான ஜாக்கிகளுக்குப் பொருந்தும்.

பிரேக் ஆயிலை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. 'ஹைட்ராலிக் பிரேக்' என்ற பெயரைப் பார்த்து, இதுவும் அதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஜாக்கியின் ரப்பர் சீல்கள் மண்ணெண்ணெய் வர்க்கத்து ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. பிரேக் ஆயில் பட்டால் அவை உப்பி, மிருதுவாகிக் கெடும். ஓரிரு நாள் நன்றாக வேலை செய்வது போலத் தோன்றும். பிறகு பாரத்தின் நடுவே கைவிடும். டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை மிகவும் நீர்த்தவை. பழைய என்ஜின் ஆயிலில் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும். இவை எவையும் ஆகாது.

ஆயில் மாற்றும்போது பழையதை வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடியில் மினுமினுப்பான தூள் தங்கினால், ஒரு காந்தத் துண்டை அருகில் கொண்டு போனால் தெரிந்துவிடும்: இரும்பு தேய்கிறது. அப்படியானால் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போவதே உசிதம். வெறும் மண் தூசியானால், கொஞ்சம் புதிய ஆயிலை ஊற்றி, வால்வைத் திறந்து வைத்து அடித்து, அதையும் வடித்துவிட்டுப் பிறகு நிரப்பலாம். பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது. ரப்பரும் கெடும், தீ அபாயமும் உண்டு. துடைக்க நூல் பிரியும் காட்டன் வேஸ்ட் வேண்டாம். ஒரு நூலிழை வால்வுக் குண்டின் கீழ் போனாலும் ஜாக்கி இறங்கும். துவைத்த பழைய வேட்டித் துண்டு நல்லது. வடித்த ஆயிலைக் கிணற்று மேட்டிலோ வரப்பிலோ கொட்டாமல், டப்பாவில் சேர்த்து வைத்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

சீல் மாற்றலாமா?

ஊர் அடிபம்பில் தோல் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. ஜாக்கியிலும் அதே கதைதான். கிண்ண வடிவமுள்ள வாஷரின் உதடு, ஆயிலின் அழுத்தத்தாலேயே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிராமாவின் பிரஸ் கசியாமல் நின்றதே அப்படிப்பட்ட தோல் வாஷரால்தான். அதை அமைத்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்று சொல்வார்கள். இப்போது தோலுக்குப் பதில் ரப்பர் சீல் வருகிறது.

பாட்டில் ஜாக்கியில் சிறிய பிஸ்டனின் சீலை, கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் மாற்றலாம். கம்பெனியும் டன் அளவும் சொல்லி, அதே மாடலுக்குரிய சீல் செட் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய சீலையே கடைக்கு எடுத்துச் சென்று அளவு பார்த்து வாங்கலாம். பழையதை எடுக்கத் திருப்புளியை விட்டு நெம்பினால் உள்சுவரில் கீறல் விழும். கீறல் விழுந்த சுவரில் எந்தச் சீலும் நிற்காது. மூங்கில் சிம்பைக் கூராக்கி எடுக்க வேண்டும். புதிய சீலை ஆயிலில் நனைத்து, அதன் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கும்படி பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் பாரம் ஏறாது.

வால்வுகளைக் கழற்றினால் சிறிய எஃகுக் குண்டுகள் வெளியே வரும். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. எந்தத் துவாரத்தில் எந்தக் குண்டு, எந்த ஸ்பிரிங் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்துக் குறித்துக் கொள்ள வேண்டும். மண் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது.

கை வைக்கக் கூடாதவை

பாரம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் பாதுகாப்பு வால்வு ஒன்று பெரும்பாலான ஜாக்கிகளில் உண்டு. கம்பெனியில் அளவு பார்த்து வைத்த அந்தத் திருகை இறுக்கினால் 3 டன் ஜாக்கி 5 டன் தூக்கும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஜாக்கி வெடிப்பதற்கான வழி. அந்தத் திருகைத் தொடவே கூடாது.

டிராலி ஜாக்கியின் கையைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகள் இழுபட்ட நிலையில் இருப்பவை. தெரியாமல் கழற்றினால் முகத்தில் தெறிக்கும். ஆகவே டிராலி ஜாக்கியில் காற்று எடுப்பது, ஆயில் மாற்றுவது, கிரீஸ் வைப்பது வரை வீட்டு வேலை. சிலிண்டரைப் பிரிப்பது ஒர்க்ஷாப் வேலை.

தண்டில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் உப்புத் தாளால் தேய்த்துப் பயனில்லை. புதுச் சீலையும் அது அறுத்துவிடும். வெடித்த அடிபாகத்தை வெல்டிங் வைப்பதும் ஆபத்து. இத்தகைய ஜாக்கி பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான். 'சின்ன பாரத்துக்கு வைத்துக் கொள்வோம்' என்று மூலையில் வைத்தால், ஒரு நாள் அவசரத்தில் யாராவது அதையே எடுப்பார்கள்.

பாரம் இருக்கும்போது ஆயில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை போன்ற துவாரத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோதித்த பின்பே உபயோகம்

பழுது பார்த்த ஜாக்கியை நேராக வேலைக்கு எடுக்கக் கூடாது. காலி டிரெய்லரை ஒரு பக்கம் தூக்கி, அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டைகளை அடுக்க வேண்டும். தரையிலிருந்து உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு 10 நிமிஷம் விட்டுவிட வேண்டும். யாரும் அருகில் போகக் கூடாது. பிறகு அளந்தால் இறக்கம் தெரியக் கூடாது. மேலே சொன்ன பாட்டில் ஜாக்கியில் 3 மி.மீ. இறங்கியிருந்தால் 3 சி.சி. ஆயில் நழுவியிருக்கிறது என்று பொருள். அது ஒரு டீஸ்பூன் அளவு கூட இல்லை. ஆனால் அந்த ஜாக்கியை நம்பக் கூடாது.

ஜாக்கி தூக்கும், கட்டைதான் தாங்கும்

எவ்வளவு நல்ல ஜாக்கியானாலும் அது தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அல்ல. இரும்பு ஸ்டாண்டு வாங்கி வைத்துக்கொள்வது சிறந்தது. அது இல்லாத இடத்தில் கெட்டியான மரக்கட்டைகள் வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் புளிய மரத்துக்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளிய மரத்தைத் தேடுவது அதன் உறுதிக்காகத்தான். அந்த மரத்தில் ஒரே கனத்தில் அறுத்த, வெடிப்பில்லாத நான்கைந்து கட்டைகளை டிராக்டரோடு வைத்திருக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் சாயாது. ஹாலோ பிளாக், செங்கல், சாலையோரக் கருங்கல் ஆகியவை பாரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். அவற்றை நம்பக் கூடாது.

தூக்குவதற்கு முன் டிராக்டரைக் கியரில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றக் கூடாது. சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பாரம் ஜாக்கியின் அளவுக்கு மேல் என்றால் கரும்பையோ மூட்டைகளையோ இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கட்டையின் மேல் பாரம் உட்கார்ந்த பிறகே கையையும் தலையையும் அடியில் விட வேண்டும்.

கொட்டகையில் வைக்கும் முறை

ஜாக்கியைத் தண்டு இறங்கிய நிலையில், பாட்டில் ஜாக்கியானால் நிமிர்த்தி வைக்க வேண்டும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் செம்மண் தூசி ஒட்டி, இறங்கும்போது சீலை அரத்தைப் போல் அராவும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு இறக்க வேண்டும்.

நம் வீடுகளில் உர மூட்டையும் ஜாக்கியும் ஒரே அறையில் இருப்பது வழக்கம். யூரியா, பொட்டாஷ் ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. அவற்றின் தூள் பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜாக்கியை வேறு இடத்தில், பலகை மேல், சாக்கு போட்டு மூடி வைப்பது நலம். டிராலி ஜாக்கியின் சக்கரங்களுக்கும் கீல்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரீஸ் வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கோடை உழவுக்கு டிராக்டரைத் தயார் செய்யும்போதே ஜாக்கியின் ஆயிலையும் மாற்றிவிட்டால், ஆடிப் பட்ட வேலைக்கும் அதற்குப் பின் வரும் கரும்பு வெட்டுக்கும் கவலையில்லை. இரவல் கொடுத்த ஜாக்கி திரும்பி வந்ததும் மேலே சொன்ன 10 நிமிஷச் சோதனையைச் செய்வது நல்ல பழக்கம். என்ன ஆயில் ஊற்றினார்கள், எவ்வளவு பாரம் வைத்தார்கள் என்பதை ஜாக்கி சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

ஆயில் ஒரு டப்பா, துடைக்கத் துணி, நான்கைந்து புளியங்கட்டைகள். இவ்வளவும் கொட்டகையில் இருந்தால் பஞ்சரான டயர் ஒரு மணி நேர வேலையோடு போகும். டயர் மாற்றப் போகும் மகனுக்கோ, தம்பிக்கோ, டிரைவருக்கோ முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, ஜாக்கியை அடிப்பதற்கு முன் கட்டையை எடுத்து வைப்பதைத்தான்.